வேலிக்குத் தெற்கே

ஏப்ரல் 26, சனி

சீசன் முடிந்தது. இனி அக்டோபர் வரை மணலுக்குள் போவதில்லை. வெயில் மாதத்தில் போகிறவன் முட்டாள்.

ஷார்ஜாவுக்கு வெளியே பதாயர் பக்கம் விடியும்போதே தார் ரோட்டை விட்டு இறங்கிவிட்டோம். மூன்று ஜீப்புகள்: என் எஃப்ஜே, மொகுதூமின் பஜேரோ, சுயம்புவின் பழைய பேட்ரோல். வழக்கம்போல் இறங்கும் இடத்தில் நிறுத்தி டயர் காற்றைப் பதினைந்துக்கு இறக்கினோம். காற்று சீறிக்கொண்டு போகிற நேரத்தில் மொகுதூம் ஃபிளாஸ்கிலிருந்து சுலைமானி டீ ஊற்றித் தந்தான். டயர் தொளதொளவென்று இருந்தால்தான் மணல்மேல் அகலமாகப் படியும், வண்டி புதையாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூட வயதில் மொகுதூமின் மாமா ஜீப்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு உடன்குடிக்குப் பின்னால் தேரிக்காட்டில் இறக்கினோம். இறங்கிய இடத்திலேயே செம்மணலில் புதைந்துவிட்டது. டயர்களில் ஏதோ முள் ஏறிப் பாதிக் காற்று போன பிறகு தானாகக் கிளம்பியது. அன்று பிடித்த பைத்தியம். கல்யாணம் ஆகியும் எவனுக்கும் தெளியவில்லை.

மேட்டு முகட்டில் வண்டி ஏறும்போது முன்னால் வானம் மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் சரிவா, குழியா என்று தெரியாது. அங்கே காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எவ்வளவு எடுக்கிறோம் என்பதுதான் மொத்த வித்தையும். அதிகமாக எடுத்தால் முகட்டிலேயே வயிறு தட்டி நிற்கும். எடுக்காவிட்டால் பறந்துபோய் முதுகெலும்பு ஒடியும். சரியாக எடுத்தால் ஒரு நொடி வண்டிக்கு எடையே இருக்காது. அந்த ஒரு நொடிக்காகத்தான் மாதம் முழுக்க மேனேஜர்களின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மொகுதூம் ஒரு முகட்டில் மாட்டினான். கயிறு போட்டு இழுத்தேன். "முகட்டுல ஒரேயடியாக் காலத் தூக்காதன்னு எத்தன தடவ சொல்றது" என்று வயர்லெஸ்ஸில் கத்தினேன். கடைசி வண்டியாக வந்த சுயம்பு உடனே தொடங்கிவிட்டான்.

"வாத்தியார் பாடம் நடத்துதாரு, எல்லாரும் கேட்டுக்கோங்க. ரெண்டு வண்டி இல்லாம மணல்ல எறங்காத. மாட்டிக்கிட்டா வண்டிய விட்டு நகராத. போன் எடுக்கலன்னா டயரக் கொளுத்து. வால்வப் புடுங்கிட்டுக் கொளுத்து, இல்லன்னா வெடிச்சிரும். விடியக்காலம் காத்து இல்லாதப்பக் கொளுத்து, அப்பத்தான் புகை நேரா நிக்கும். சரியா டைட்டஸ் வாத்தியாரே? பாஸ் போடுவியளா?"

"ஒழுங்கா ஓட்டுல" என்றேன்.

வெளியே வந்து டயருக்குக் காற்றடிக்கும்போது சுயம்பு சொன்னான். அவன் கம்பெனியை மூடுகிறார்கள். மே 24 டிக்கெட், ஊருக்கே போய்விடுகிறான். "அப்ப பேட்ரோல வித்துரு" என்றேன்.

"வித்துருவேன். ஆனா ஒண்ணு பாக்கி இருக்குல்லா? லிவாவுலேந்து மணலுக்குள்ளயே வந்து, உன் கம்பெனி வேலிக்குப் பின்னால நின்னு ஹாரன் அடிப்பேன்னு எத்தன வருசமாச் சொல்லுதேன்."

"செக்யூரிட்டி புடிச்சு உள்ள வச்சிருவான்."

"வைக்கட்டும்ல. வேலையே போயிட்டு, இனி என்ன?"

கம்ப்ரசர் எங்கள் மூவருக்கும் ஒன்றுதான். யாரிடம் இருக்கிறதோ அவன் வண்டியைச் சுற்றித்தான் மற்றவர்கள் நின்றாக வேண்டும். இப்போது என்னிடம் இருக்கிறது.

மே 11, ஞாயிறு

மறுபடி ப்ளாண்ட். நாலு வாரம் இங்கே கேம்ப்பில், நாலு வாரம் ஷார்ஜாவில் மூவரும் சேர்ந்து எடுத்த ஃப்ளாட்டில். பாலைவனத்தின் நடுவில் குழாய்களும் டேங்க்குகளும், சுற்றிக் கம்பி வேலி, இரவு பகலாகக் கேஸ் எரியும் ஃப்ளேர் கோபுரம். தெற்கு வேலிக்கு அப்பால் லிவா வரை மணல்தான், அதற்கும் தெற்கே சவூதி எல்லை.

மூன்றாம் நம்பர் டேங்க்கில் எண்ணெய் அளவைக் காட்டும் மட்டமானி பொய் சொல்கிறது. போன ஷிஃப்ட்காரன் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறான்.

மே 15, வியாழன்

சுயம்பு போன் செய்தான். மதியச் சாப்பாட்டு நேரம். பேட்ரோலுக்கு ஆள் வந்துவிட்டதாம், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்களாம்.

"கடைசியா ஒரு தடவ போவமால? சனி ஞாயிறு?"

"நான் ப்ளாண்ட்ல இருக்கேன். நாப்பத்தாறு டிகிரி. மே மாசத்துல எவன்ல மணல்ல எறங்குவான்? கழுவித் தொடச்சுக் குடுத்துட்டுப் போற வழியப் பாரு."

"மொகுதூமுக்கும் கல்யாண வீடு இருக்காம், அலைனுக்குப் போறானாம்."

"நல்லதாப் போச்சு."

"கம்ப்ரசர் உன் வண்டியிலதான கெடக்கு?"

"ஆமா, அதுக்கு இப்ப என்ன?"

"சும்மாக் கேட்டேன். அங்கேயே கெடக்கட்டும்."

வைத்துவிட்டேன். சோறு ஆறிப்போயிருந்தது. போகிற நேரத்தில் இவனுக்கு இப்படி ஒரு இழுவை. முன்னாடியே இரண்டாவது பெட்ரோல் டேங்க்கைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டான். அதில்லாமல் அந்த வண்டி ஒரு நாள்கூட மணலில் ஓடாது.

மே 16, வெள்ளி

சாயங்காலம் சுயம்புவிடமிருந்து மெசேஜ்: "வேலிப் பக்கம் ஒரு காத வச்சிக்கோ." கூடவே சிரிக்கிற மூஞ்சி. பதில் போடவில்லை. வேலையற்றவன்.

மே 17, சனி

ரூம் ஏசி ஓடவில்லை. மெயின்டெனன்ஸ் ஆளைக் கூப்பிட்டு, அவன் வராமல் நானே ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். துணி துவைத்தேன்.

மே 18, ஞாயிறு

மட்டமானியை இன்று முடித்துவிட்டேன். டெக்னீஷியன் ராஜப்பன் லீவு. மாற்று ஆள் தருகிறேன் என்று சூப்பர்வைசர் நாலு நாளாகச் சொல்கிறார். வெயில் ஏறுமுன் பெர்மிட் வாங்கிக்கொண்டு தனியாகவே டேங்க் மேல் ஏறினேன். கீழே ஒரு காவல் ஆள் மட்டும். காற்று சுத்தமாக இல்லை. மூடியைத் திறந்து அளக்க நல்ல நாள், அளவுநாடா ஆடாது. மட்டமானியில் கோளாறு இல்லை. அதை மாட்டிய கோணம்தான் தப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகியிருக்கிறது இவர்களுக்கு.

தெற்கே தூரத்தில் கறுப்புப் புகை. நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. அந்தப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களின் கேம்ப் ஒன்று உண்டு, குப்பையை எரிக்கிறார்கள்போல. எண்ணெய் ஆவி வெளியேறும் டேங்க்குகளின் பக்கம் தீ வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை ரிப்போர்ட் செய்தால் நாலு பேர் வந்து கேள்வி கேட்பார்கள். மதியம் வரை அதிலேயே போய்விடும். இறங்கி வந்து குளித்துவிட்டுத் தூங்கினேன். சாயங்காலம் மெஸ்ஸில் மீன் குழம்பு. உப்பு அதிகம்.

மே 19, திங்கள்

காலை முழுக்கக் கண்ட்ரோல் ரூம். அதற்கு ஜன்னல் கிடையாது.

மதியம் மொகுதூம் கூப்பிட்டான். வண்டி வாங்க வந்த ஆள் ஃப்ளாட் வாசலில் நிற்கிறானாம். சுயம்பு இல்லை, வண்டி இல்லை, போன் சுவிட்ச் ஆஃப். மொகுதூம் கல்யாண வீட்டிலிருந்து நேற்று ராத்திரிதான் திரும்பியிருக்கிறான். சுயம்பு எங்கேயோ சுற்றப் போயிருக்கிறான் என்று விட்டுவிட்டானாம்.

"தண்ணிப் பெட்டி ஒண்ணக் காணல. மண்வெட்டியுமில்ல. மணல்ல வண்டியில கட்டுற கொடிக் கம்பையும் எடுத்துட்டுப் போயிருக்கான். மணலுக்குத்தாம்ல போயிருக்கான், தனியா."

"முட்டாப் பய."

"அத அப்புறம் திட்டலாம். எங்கன்னு சொல்லு."

யோசிக்கவே வேண்டாம். இரண்டாவது டேங்க் இல்லாத வண்டி. தனி ஆள். கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்க ஆசை. பதாயர்தான். வீட்டிலிருந்து ஒரு மணி நேரம், தெரிந்த மணல். மொகுதூம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டு அதிகாரியிடம் போனைக் கொடுத்தான். அதிகாரி நல்ல மாதிரி. ஏன் பதாயர் என்று கேட்டார். பெட்ரோல் கொள்ளளவு, மணலில் அது குடிக்கிற அளவு, எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் சொன்னேன். நீங்கள் இன்ஜினியரா என்றார். ஆமாம் என்றேன். அங்கிருந்தே தேடத் தொடங்குகிறோம் என்றார்.

எமர்ஜென்சி லீவு போட்டுவிட்டுச் சாயங்காலமே கிளம்பிவிட்டேன். நாலு மணி நேரம், கிழக்கே ஒரே நேர் ரோடு.

மே 20, செவ்வாய்

பதாயரில் பகல் முழுக்கத் தேடினோம். போலீஸ் வண்டிகள், எங்களுடன் ஓட்டும் பழக்கமுள்ள இன்னும் சில பேர், மேலே ஹெலிகாப்டர். ஒவ்வொரு குழியாக இறங்கிப் பார்த்தோம். என் டயர் ஒன்று கல்லில் கிழிந்தது, மாற்றினேன். மணல் எரிகிறது, ஷூவுக்குள் கால் வெந்துவிட்டது.

ஜெயகனி உடன்குடியிலிருந்து கூப்பிட்டாள். சுயம்புவின் மனைவி. பின்னால் பிள்ளை அழுகிற சத்தம்.

"அண்ணே, அவிய அங்கன இருக்க மாட்டாவ."

"ஏன் கனி?"

"'டைட்டஸப் பாத்துட்டுத்தான் ஊருக்கு வருவேன்'னு சொன்னாவ."

"அது ஏர்போட்டுக்குப் போற முந்தின நாளு பாக்கதச் சொல்லியிருப்பான்."

"இல்லண்ணே. வெள்ளிக்கிழம பேசும்போது சொன்னாவ, 'அவனப் பயங்காட்டப் போறேன் பாரு'ன்னு. சொல்லிட்டு ஒரே சிரிப்பு. எதுக்குன்னு கேட்டதுக்குச் சொல்ல மாட்டேன்னுட்டாவ."

"அவன் பேசுறதெல்லாம் அப்படித்தான். நீ போன வையி, நாங்க இங்க தேடிட்டு இருக்கோம்."

"கோவப்படாதீங்கண்ணே."

நான் கோபப்படவில்லை. நாற்பத்தேழு டிகிரியில் நின்றுகொண்டு நிதானமாகப் பேச முடியாது, அவ்வளவுதான்.

மொகுதூம் நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடி வைக்கிறான்.

மே 21, புதன்

பாங்க் கார்டு மூலம் போலீஸ் கண்டுபிடித்துவிட்டார்கள். சனிக்கிழமை விடியும் நேரத்தில் மேற்கே, மதீனத் சாயித் ஊரைத் தாண்டி, லிவா போகிற ரோட்டில் ஒரு பம்ப்பில் பெட்ரோல் போட்டிருக்கிறான். வண்டிக்கும் போட்டு, மூன்று கேன்களிலும் நிரப்பியிருக்கிறான்.

கேன். கேனை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அதிகாரி போனில் கேட்டார்: அங்கிருந்து எங்கே போகக்கூடும்? மொகுதூம்தான் பதில் சொன்னான். என்னைப் பார்க்காமலே சொன்னான். "லிவாலேந்து வடக்கே. இவன் ப்ளாண்ட்டுக்கு."

தேடும் இடத்தை மாற்றினார்கள். நாங்களும் கிளம்பினோம். மேற்கே நாலு மணி நேரம். வழியில் மொகுதூம் ஒரே ஒரு தடவை பேசினான். "வெள்ளிக்கிழம உனக்கு ஏதும் மெசேஜ் போட்டானா?"

"ஹாய் பைன்னு ஏதோ."

மே 22, வியாழன்

காலையில் ஹெலிகாப்டர் கண்டுபிடித்தது. உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டச் சொன்னார்கள். மொகுதூம் உள்ளே போகமாட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் போனேன். சுயம்புதான். உதடு கறுத்திருந்தது. இடது கை விரல்களில் கரி.

டாக்டரிடம் எப்போது என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, செவ்வாய் இரவு இருக்கலாம் என்றார்.

ஜெயகனியிடம் மொகுதூம் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நான் பார்க்கிங்கில் டயர் போல்ட்டுகளைச் சரிபார்த்தேன். ஒன்று லூஸாக இருந்தது.

மே 23, வெள்ளி

உடலை ஊருக்கு அனுப்ப மூன்று ஆபீஸ். ஒருவர் கையெழுத்துப் போட இன்னொருவர் வர வேண்டும். வரவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்திருந்தேன்.

மே 24, சனி

இன்றுதான் அவன் டிக்கெட்.

வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று போலீஸ் சொல்லிவிட்டார்கள். நானும் மொகுதூமும் என் எஃப்ஜேயில் போனோம். மொகுதூம் யாரோ பேட்ரோல் வைத்திருக்கிறவரிடம் ஒரு சக்கரம் இரவல் வாங்கி மேலே கட்டியிருந்தான். ப்ளாண்ட்டைச் சுற்றி, கிணறு தோண்டும் கேம்ப் இருந்த வழியாகத் தெற்கே இறங்கினோம். கேம்ப் இல்லை. கான்கிரீட் தளமும் கொஞ்சம் கம்பியும் கிடந்தன. மார்ச்சிலேயே கிளம்பிவிட்டார்களாம்.

தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்திக் காற்று இறக்கினேன். மொகுதூம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். சுலைமானி இல்லை.

பேட்ரோல் ஒரு ஆழக் குழியின் அடியில் நின்றது. என்ன நடந்தது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. முகட்டை நேராக ஏறாமல் குறுக்கே கடந்திருக்கிறான். வண்டி பக்கவாட்டில் வழுக்கிக் குழிக்குள் போயிருக்கிறது. காற்று குறைந்த டயரில் பக்கவாட்டு அழுத்தம் விழுந்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இடதுபக்கம் இரண்டும் கழன்றிருந்தன. பெரிய பழுது இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, மணலைத் துடைத்து, வேகமாகக் காற்றடித்தால் டயர் டப்பென்று ரிம்மில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் மூவருக்கும் எத்தனையோ தடவை ஆகியிருக்கிறது. கம்ப்ரசர் இருந்தால் அரை மணி நேர வேலை.

மொகுதூம் மணலில் உட்கார்ந்துவிட்டான். "கம்ப்ரசர் எடுக்காம எறங்க மாட்டான்ல அவன். உன்கிட்ட வந்துதான காத்தடிக்கணும்னு இருந்திருக்கான். வாசல் வரைக்கும் வந்துட்டு..."

வண்டியின் நிழல் விழும் பக்கத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தான். பகல் முழுக்க அதன் அடியில் கிடந்த தடம். காலிப் பாட்டில்கள் அட்டைப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. கண்ட இடத்தில் எறியவில்லை. ரேடியேட்டர் தண்ணீரைத் தொடவில்லை, அதில் விஷம் உண்டு. பேட்டரியை வீணாக்கவில்லை. வண்டியை விட்டு நகரவில்லை. எல்லாம் சரியாகச் செய்திருக்கிறான்.

குழிக்கு மேலே, முகட்டில், இரண்டு கறுப்பு வளையங்கள். டயர் எரிந்து கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. ஒன்று ஸ்டெப்னி, இன்னொன்று கழன்ற டயர்களில் ஒன்று. அவ்வளவு தூரம் தனியாக உருட்டி மேலே ஏற்றியிருக்கிறான். பக்கத்தில் பிடுங்கிய வால்வுகள் இரண்டும் கிடந்தன.

மொகுதூம் மேலே வந்து நின்றான். வடக்கே பார்த்தான்.

"ஏலே, அது உன் டேங்க்தான?"

வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. மூன்றாம் நம்பர். பக்கத்தில் ஃப்ளேர்.

"ஆமா."

"ராத்திரில அந்தத் தீ நல்லாத் தெரிஞ்சிருக்குமே. அதப் பாத்துட்டே இருந்திருப்பான். நடந்தே வந்திருக்கலாம்ல. ராத்திரியோட ராத்திரியா நடந்திருந்தா வந்து சேந்திருப்பான்."

"வண்டிய விட்டு நகரக் கூடாது. அதுதான் ரூல். நடந்து போனவன்லாம்தான் செத்திருக்கான்."

மொகுதூம் என்னையே பார்த்தான். "இவன் நடக்கல" என்றான்.

பிறகு வடக்கே கை நீட்டினான்: "இங்கேந்து அது தெரியுதுன்னா, அங்கேந்து இது தெரியும்ல. யாராச்சும் மேல ஏறியிருந்தா..."

"டேங்க் மேல யாரும் சும்மா ஏற முடியாது. பெர்மிட் வேணும்."

கம்ப்ரசரை எடுத்து வந்து மாட்டினேன். இரவல் சக்கரத்தைப் போட்டோம். கழன்ற இன்னொரு டயருக்குக் காற்றடித்தோம். டப்பென்ற சத்தத்தில் மொகுதூம் திடுக்கிட்டான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பேட்ரோலை அவன்தான் ஓட்டினான். முதல் சாவியிலேயே எடுத்துவிட்டது. குழியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி வேகம் பிடித்து ஏறினான். முகட்டில் காலைச் சரியான அளவுக்கு எடுத்தான். நான் பார்த்ததிலேயே அவன் ஏறிய நல்ல ஏற்றம் அது. வயர்லெஸ்ஸில் சொல்லலாம் என்று எடுத்தேன். வைத்துவிட்டேன்.

வடக்கே வந்தோம். ப்ளாண்ட்டின் பின்வேலியை ஒட்டித்தான் வழி. முன்னால் போன மொகுதூம் வேலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். டயர் பழுதோ என்று நானும் நிறுத்தினேன்.

ஹாரன் அடித்தான்.

கையை எடுக்கவேயில்லை. பேட்ரோலின் ஹாரன் பழசு, கொஞ்சம் கரகரக்கும். நான் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். திரும்பவில்லை. உள்ளே இருந்து செக்யூரிட்டி ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காவலர் என்ன விஷயம் என்று கேட்டார். என் அடையாள அட்டையைக் காட்டி, ஹாரனில் ஷார்ட் சர்க்யூட் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மே 27, செவ்வாய்

பெட்டி நாளை விமானத்தில் போகிறது. மொகுதூம் கூடப் போகிறான். என்னையும் வரச் சொன்னான். லீவு தீர்ந்துவிட்டது என்றேன். கேட்டால் கொடுப்பார்கள்.

ஜெயகனி கூப்பிட்டாள்.

"டயரக் கொளுத்துனாவளாமே அண்ணே. மொகுதூம் அண்ணன் சொன்னாவ. ரெண்டு டயரு."

"ஆமா கனி."

"அத ஒருத்தர்கூடவா பாக்கல?"

"அன்னைக்கு நல்ல காத்து. காத்து அடிச்சா புகை எழும்பாது. மணலோட மணலாப் படுத்துரும். பக்கத்துல நின்னாக்கூடத் தெரியாது."

"விடியக்காலம் காத்து இருக்காதுல்ல? அப்பக் கொளுத்துனாத்தான் நேரா நிக்கும்னு அவிய சொல்லுவாவளே. 'டைட்டஸ் சொல்லிக்குடுத்தது'ன்னு பெருமையாச் சொல்லுவாவ."

"சில நாள் விடியக்காலமே அடிக்கும் கனி. சீசன் மாறுற நேரம்."

"அப்படியாண்ணே."

"ஆமா."

பிள்ளை பக்கத்தில் ஏதோ கேட்டது, "மாமாட்டப் பேசிட்டு இருக்கேன், இரு" என்றாள். பிறகு சொன்னாள்: "அப்ப யாரையும் குத்தம் சொல்ல முடியாது. காத்து அடிச்சா யாரு என்ன செய்ய முடியும். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்கண்ணே. ஒத்தைல இருக்கீங்க."

சரி என்றேன்.

மே 30, வெள்ளி

எஃப்ஜேயை விற்பதற்கு விளம்பரம் போட்டேன். கம்ப்ரசரும் சேர்த்து.

ஜூன் 2, திங்கள்

மூன்றாம் நம்பர் மட்டமானி மறுபடி எகிறுகிறது. நான் மாற்றி வைத்த கோணம் சரிதான், போல்ட்டை முறுக்காமல் விட்டிருக்கிறேன். என் தப்புதான். ராஜப்பன் லீவு முடிந்து வந்துவிட்டான். நான் போறேன் சார் என்றான். வேண்டாம் என்று நானே ஏறினேன். தெற்குக்கு முதுகைக் காட்டியே நின்று வேலையை முடித்தேன்.

அளப்பதற்கு நாடாவை உள்ளே இறக்கினேன். ஆடவில்லை. காற்று இல்லை.